பிள்ளை பெறுவதா வேண்டாமா: முடிவு யாருடையது? பட்டிமன்றத்துக்குச் சட்டமும் நடைமுறையும் வேண்டும்

வாதப்பிரதிவாதம்:

கல்லூரிப் பட்டிமன்றத்துக்குக் குறிப்பு தயாராகிறது. தலைப்பு: "பிள்ளைப்பேறு பெண்ணின் முடிவா, அரசின் முடிவா?" இரண்டு அணிக்கும் சரக்கு வேண்டும். இணையத்தில் கருக்கலைப்பு என்று தேடினால் அமெரிக்கத் தீர்ப்புகள்தான் வந்து குவிகின்றன. இந்தியாவில் நிலைமை என்ன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது" என்கிறார் ஒருவர், "நம்ம நாட்டில் எப்போதோ உரிமை ஆகிவிட்டது" என்கிறார் இன்னொருவர்.

தெளிவாக வேண்டியவை: எத்தனை வாரம் வரை, யார் சம்மதம் வேண்டும், மணமாகாதவர் நிலை என்ன, மருத்துவமனையில் எந்த இடத்தில் சிக்கல் வருகிறது. இன்னொரு பக்கம், குடும்பக் கட்டுப்பாடு என்று அரசே வீட்டுக்குள் வந்த கதை. மேடையில் எதிரணி மடக்க முடியாதபடி ஆண்டும் பிரிவும் இருந்தால் நல்லது.

சட்டப்பிரிவு:

அமெரிக்காவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அங்கே 1973 ஜனவரியில் ரோ தீர்ப்பு கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமை என்றது. 2022 ஜூன் 24இல் டாப்ஸ் தீர்ப்பு அதை எடுத்துவிட்டது. இங்கே தொடக்கப் புள்ளியே வேறு.

இந்தியாவில் கருக்கலைப்பு இன்றும் அடிப்படையில் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 312, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 88. பெண்ணின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தால் தவிர, 3 ஆண்டு வரை சிறை. கருவின் அசைவு தெரிந்த கட்டம் என்றால் 7 ஆண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் வருவார், இது பலருக்குத் தெரியாது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் செய்தால் பிரிவு 89, ஆயுள் தண்டனை வரை போகலாம்.

இந்தக் குற்றத்திலிருந்து பதிவு பெற்ற மருத்துவருக்கு விலக்கு கொடுப்பதுதான் 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். எல்லோரும் எம்.டி.பி. சட்டம் என்பார்கள். உங்கள் பட்டிமன்றத்தின் மொத்த முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. "பெண் கேட்டால் செய்ய வேண்டும்" என்று அதில் எந்தப் பிரிவும் கிடையாது. "மருத்துவர் நல்லெண்ணத்தோடு இப்படிக் கருதினால் அவர் குற்றவாளி ஆகமாட்டார்" என்பதுதான் அதன் நடை. ஆகவே எப்போது சந்தேகம் வந்தாலும் மருத்துவர் முதலில் தன் கழுத்தைத்தான் தடவிப் பார்ப்பார்.

2021 திருத்தத்துக்குப் பிறகு (செப்டம்பர் 24 முதல் அமல்) கணக்கு இது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20க்கு மேல் 24 வரை இரண்டு மருத்துவர்கள், அதுவும் விதி 3பி சொல்லும் பிரிவினருக்கு மட்டும்: பாலியல் வன்முறைக்கு ஆளானோர், 18 வயதுக்குட்பட்டோர், கர்ப்பத்தின் நடுவே விதவை ஆனவர் அல்லது விவாகரத்தானவர், கடுமையான உடல் ஊனம் உள்ளவர், மனநலம் பாதிக்கப்பட்டவர், கருவில் கடுமையான கோளாறு கண்டறியப்பட்டவர், அரசு அறிவித்த பேரிடர்ச் சூழலில் சிக்கியவர். 24 தாண்டினால் கருவில் பெரிய கோளாறு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் மட்டுமே. அந்தக் குழு 3 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும், விண்ணப்பம் வந்த 5 நாளுக்குள் சிகிச்சை முடிய வேண்டும். பெண்ணின் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் பிரிவு 5: வார வரம்பே இல்லை, ஒரு மருத்துவரே முடிவெடுக்கலாம்.

20 வாரத்துக்குள் காரணம் என்ன காட்டுவது? கருத்தடை தவறிப்போனால் அதனால் வரும் வேதனையை மனநலக் கேடு என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. பழைய சட்டத்தில் "மணமான பெண் அல்லது அவர் கணவர்" பயன்படுத்திய கருத்தடை என்று இருந்தது. 2021இல் "எந்தப் பெண்ணும் அல்லது அவரது துணைவரும்" என்று மாறியது. மணமாகாதவருக்கு 20 வாரம் வரையான கதவு இப்படித் திறந்தது. 20 முதல் 24 வரையான கதவை 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றத்தின் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அமர்வு திறந்தது. மணமானவர், ஆகாதவர் என்று பிரிப்பது செல்லாது என்றது அந்தத் தீர்ப்பு. கணவரின் கட்டாய உறவால் வந்த கர்ப்பத்தையும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு மட்டும் வன்புணர்வாகக் கருதலாம் என்றது. குற்றவியல் சட்டத்தில் கணவரின் உறவு வன்புணர்வு ஆகாது என்ற விலக்கு அப்படியே இருக்கிறது, அதை மேடையில் குழப்பிவிட வேண்டாம்.

கணவர் கையெழுத்து: தேவை இல்லை. பிரிவு 3(4). வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். 18க்குக் கீழ் அல்லது மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றால் பாதுகாவலர் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். கணவர் இழப்பீடு கேட்ட வழக்கைப் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் 2011இல் தள்ளியது, 2017இல் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. ஆனால் ஒரு வால் உண்டு. 2007இல் சமர் கோஷ் வழக்கில், மருத்துவக் காரணமின்றிக் கணவருக்குத் தெரியாமல் கலைத்துக்கொள்வது மனரீதியான கொடுமை ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவைத்தது. அதாவது ஆஸ்பத்திரியில் அவர் கையெழுத்து வேண்டாம், விவாகரத்து நீதிமன்றத்தில் அதையே அவர் ஆயுதமாக எடுக்கலாம். எதிரணி இதை எடுத்தால் திணறாமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

வார்டுநோட்டு:

சட்டம் மேலே சொன்னதுதான். சிக்கல் கணக்கிலும் காகிதத்திலும்.

வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளில் தொடங்கும், கரு உருவான நாளில் இல்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறவர் "நாள் தள்ளிப்போய் ஒரு வாரம்தான் ஆச்சு" என்று வரும்போதே 5 வாரம் ஆகியிருக்கும். 28 நாள் சுழற்சியில் 20 வாரம் என்பது கரு உண்டாகி ஏறக்குறைய 18 வாரம். ஒழுங்கற்ற சுழற்சி உள்ளவருக்கு ஸ்கேன்தான் கணக்கு. அதிலும் முதல் மூன்று மாதத்து ஸ்கேன் நம்பகமானது. பின்னால் எடுக்க எடுக்க ஒரு வாரம் இரண்டு வாரம் முன்பின் ஆகும். 19 வாரமா 21 வாரமா என்பதில் ஒருவரின் வழியே மாறிவிடும்.

கருவின் உறுப்புக் கோளாறு பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில்தான் எடுப்பார்கள். அதற்கு முன் பல உறுப்புகள் சரியாகத் தெரியாது. அதில் இதயத்தில் ஏதோ சந்தேகம் என்றால் கருவின் எக்கோ. மரபணுக் கோளாறு என்றால் பனிக்குட நீர் எடுத்துச் செல் வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று வாரம். எண்ணிப் பாருங்கள், முடிவு கையில் வரும்போது 23, 24. சின்ன ஊரில் ஸ்கேனே 22இல்தான் நடந்தது என்றால் நேராக மருத்துவக் குழுதான். 24 வார வரம்பு காகிதத்தில் தாராளமாகத் தெரியும், வார்டில் அது மூன்று நாள் அவகாசம்.

காகிதம்: பெண் கையெழுத்திடுவது படிவம் சி. மருத்துவரின் கருத்து படிவம் 1. சிகிச்சை முடிந்த 3 மணி நேரத்துக்குள் சான்று எழுத வேண்டும் என்று விதிமுறை. இரண்டையும் உறையில் போட்டு, ஒட்டி, மேலே "ரகசியம்" என்று எழுத வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டின் வரிசை எண்ணும் சிகிச்சை செய்த மருத்துவரின் பெயரும்தான் உறைமேல் வரும். அந்த வரிசை எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். கேஸ் ஷீட்டிலும் ஆபரேஷன் தியேட்டர் பதிவேட்டிலும் பெண்ணின் பெயரையே எழுதக் கூடாது, அந்த எண்ணைத்தான் எழுத வேண்டும். பெயரை வெளியிட்டால் பிரிவு 5ஏ, ஓராண்டு வரை சிறை. இவ்வளவு அழகாக விதி இருந்தும், சேர்க்கைச் சீட்டில் பெயர், கணவர் பெயர், ஊர், என்ன சிகிச்சை என்று முழுதாக எழுதிக் கட்டிலில் மாட்டிவிட்டுப் போகிற வார்டுகள் உண்டு.

கணவர் கையெழுத்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? படிவம் சி-யில் அதற்கு இடமே இல்லை. மயக்க மருந்துச் சம்மதப் படிவம் பொதுவாக எல்லா அறுவைக்கும் ஒன்றுதான், அதில் "நெருங்கிய உறவினர்" என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டைக் கணவர் கோடாக ஆக்கிவிடுகிறார்கள். பிறகு சண்டை வந்தால் "உங்களுக்குத் தெரிந்துதானே நடந்தது" என்று காட்டத்தான். 2022 தீர்ப்பு இதைப் பெயர் சொல்லியே கண்டித்தது: குடும்பத்தார் சம்மதம், கூடுதல் ஆவணம், நீதிமன்ற உத்தரவு என்று சட்டத்தில் இல்லாததைக் கேட்கக் கூடாது. கேட்டால் "பிரிவு எண் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பதே பாதிப் பேச்சை முடித்துவிடும்.

மாத்திரை: 9 வாரம் வரை, மருத்துவர் சீட்டோடுதான். முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுவதில் மாத்திரையைவிட, முன்னால் ஸ்கேன் பார்க்காததுதான் பெரிய ஆபத்து. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. இரத்தம் போகும், "சரியாகிவிட்டது" என்று நினைப்பார்கள், குழாய் வெடித்தால் உள்ளேயே இரத்தப்போக்கு. ஒரு பக்க வயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம் என்றால் காத்திருக்கவே கூடாது. மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுதாக நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலும் அப்படித்தான். அவசரச் சிகிச்சைக்கு வருகிறவரிடம் போலீஸ் பயம் காட்டி நிறுத்தி வைப்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.

சிறுமி என்றால், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் பிரிவு 19 குறுக்கே வரும். மருத்துவர் போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் 6 மாதம் வரை சிறை. இதற்குப் பயந்தே 17 வயதுப் பெண்ணும் காதலனும் போலி இடத்துக்குப் போகிறார்கள். அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் தகவலில் சொல்ல வேண்டாம் என்று 2022 தீர்ப்பில் வழி விட்டிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் இதைச் சொன்னால் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள், தீர்ப்பின் நகலோடு போவது நல்லது.

மறுபக்கம்:

எல்லாரும் ஒரே பக்கம் நின்றால் பட்டிமன்றம் எப்படி நடக்கும்? அரசு ஏன் உள்ளே வர வேண்டும் என்பதற்கு வலுவான வாதம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. உசிலம்பட்டி, சேலம் வட்டாரங்களில் பெண் சிசுக்கொலை. "குடும்ப விஷயம், தலையிடாதே" என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது அதனால்தான். 1994 பாலினத் தேர்வுத் தடைச் சட்டமும் குடும்பத்துக்குள் அரசு கைவைத்ததுதான். கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் எஃப், மாதம் 5ஆம் தேதிக்குள் அதிகாரிக்கு அறிக்கை. இதை எந்தப் பெண்ணியவாதியும் எடுத்துவிடு என்று சொல்ல மாட்டார். பிள்ளை வேண்டுமா என்று பெண் முடிவெடுக்கலாம், பெண் பிள்ளை வேண்டாம் என்று மாமியார் முடிவெடுக்கக் கூடாது. இரண்டையும் மருத்துவமனை வாசலில் பிரித்தறிய யாராவது நிற்கத்தானே வேண்டும்?

அடுத்தது, வாரம் ஏற ஏறக் கேள்வி மாறும். 2023 அக்டோபரில் இரண்டு பிள்ளை பெற்ற, பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயில் இருந்த ஒரு பெண் 26 வாரத்தில் கருக்கலைப்பு கேட்டார். உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் முதலில் அனுமதித்தார்கள். கருவின் இதயத்துடிப்பை நிறுத்துவதா, உயிரோடு பிறந்தால் என்ன செய்வது என்று மருத்துவர் எழுதிக் கேட்ட பிறகு அதே இருவருக்குள் கருத்து பிரிந்தது. மூவர் அமர்வு 16ஆம் தேதி மறுத்தது. கருவில் கோளாறு இல்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்பதுதான் காரணம். அந்தக் கட்டத்தில் எடுத்தால் பிழைக்கக்கூடிய, ஆனால் குறையோடு பிழைக்கக்கூடிய குழந்தை. அது பெண்ணின் முடிவு மட்டுமே என்று சொல்வது எனக்குச் சுலபமாகத் தெரியவில்லை.

சட்டப்பிரிவு:

வாதம் சரி, ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலினத் தேர்வு நடப்பது ஸ்கேன் அறையில். அதற்கான பயத்தை 14 வாரம் தாண்டிக் கருக்கலைப்புக்கு வரும் பெண்கள்மேல் இறக்கிவைக்கிறார்கள். "மூன்று மாதம் தாண்டிவிட்டதா, எங்களுக்கு வம்பு வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்புவதால் ஒரு பெண் சிசுவும் பிழைப்பதில்லை, இந்தப் பெண்ணின் வாரம்தான் ஏறுகிறது. 26 வாரத்தில் நீதிமன்றம் வரும் வழக்குகள் பலவற்றின் தாள்களைப் புரட்டினால், 20க்கு முன்பே எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டிருக்கும்.

தொகைக்கணக்கு:

கருக்கலைப்பு பாதிதான். அரசின் கை நீளமாக நீண்டது கருத்தடையில்.

நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள். ஆசிரியருக்குக்கூட இலக்கு, ஆள் பிடித்துக் கொடுக்காவிட்டால் சம்பளம் நிற்கும். அதே 1976இல் அரசியல் சாசனத்தின் 42ஆவது திருத்தம் "மக்கள்தொகைக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு" என்பதை, மத்திய மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் 20ஏ என்று சேர்த்தது. அது இன்றும் அங்கேயே இருக்கிறது. 1994 கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டுக்குப் பின், 1996இல் இலக்கு முறை கைவிடப்பட்டது. காகிதத்தில். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார், பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு மருத்துவர் நாளுக்கு 30க்கு மேல் செய்யக் கூடாது என்ற விதி அப்போதே இருந்தது. 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் மூன்று ஆண்டுக்குள் முகாம் முறையையே நிறுத்தச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

இன்னொரு கணக்கு மேடையில் நன்றாக எடுபடும்: 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் பெண்களின் கருத்தடை அறுவை இந்திய அளவில் 37.9 சதவீதம், ஆண்களுடையது 0.3. இத்தனைக்கும் வாசக்டமிதான் சின்ன அறுவை, வயிற்றைத் திறக்க வேண்டாம். இரண்டிலும் துணைவர் சம்மதம் தேவையில்லை என்றுதான் அரசின் தர விதிகள் சொல்கின்றன.

அரசு எந்தத் திசையிலும் தள்ளும். ருமேனியா 1966இல் மக்கள்தொகையைப் பெருக்கக் கருக்கலைப்பைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு பிறப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது, பிறகு திருட்டுத்தனமான வழிகள் பெருகிப் பிறப்பு இறங்கியது, தாய் இறப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் முதலில் நீக்கிய சட்டங்களில் அதுவும் ஒன்று. இங்கேயும் காற்று திரும்புகிறது. ஆந்திரம் உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர் நிற்கக் கூடாது என்ற விதியை 2024இல் நீக்கியது. தமிழ்நாட்டில் கருவள விகிதம் அதே கணக்கெடுப்பில் 1.8. தொகுதி மறுவரையறை பயத்தில் 2024 அக்டோபரில் அப்போதைய முதல்வர் ஸ்டாலினே ஒரு திருமண விழாவில் பதினாறு பிள்ளைகள் என்று பேசினார். அரை நூற்றாண்டு "இருவர் போதும்" என்ற மாநிலம்!

இதற்கெல்லாம் முன்பே பெரியார் குடி அரசில் எழுதியதைப் பாருங்கள். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை கேட்கிறார்கள், நாங்கள் பெண் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்பது அவர் நிலை. தொகை ஏறினாலும் இறங்கினாலும் அந்த வாதத்துக்குப் பாதிப்பில்லை. உங்கள் முதல் அணிக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

வாதப்பிரதிவாதம்:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக இரண்டு. கருக்கலைப்பு முடிந்ததும் "காப்பர்-டி போட்டால்தான் செய்வோம்" என்கிறார்களாமே, அது சட்டமா? மூன்றாவது பிள்ளைக்கு மகப்பேறு விடுப்பு கிடையாது என்பது உண்மையா?

வார்டுநோட்டு:

முதல் கேள்விக்கு: சட்டம் இல்லை, பழக்கம். கருத்தடை பற்றி எடுத்துச் சொல்வது ஊழியரின் கடமை, நிபந்தனை ஆக்க அனுமதி இல்லை. காப்பர்-டிக்குத் தனியாகச் சம்மதம் வேண்டும், படிவம் சி அதற்குச் செல்லாது. வேண்டாம் என்றால் "வேண்டாம் என்றார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

சட்டப்பிரிவு:

இரண்டாவது: பாதி உண்மை. 1961 மகப்பேறு நலச் சட்டத்தில் 2017க்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைக்கு 26 வாரம், உயிரோடு இரண்டு பிள்ளைகள் இருப்பவருக்கு 12 வாரம் என்று இருந்தது; 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், கணக்கு அதேதான். குறையும், இல்லாமல் போகாது. தமிழக அரசு ஊழியருக்குத் தனி விதி, அதில்தான் இரண்டு பிள்ளை வரம்பு. முதல் மணத்தில் இரண்டு பிள்ளை பெற்று, மறுமணத்தில் தரித்த ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு இதைக் காட்டி விடுப்பு மறுத்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் (ஓகா, உஜ்ஜல் பூயான்) அந்த மறுப்பை ரத்து செய்தது, மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்றது.

பலரும் கேட்காமல் விடும் ஒன்று: பழைய 1961 சட்டத்தின் பிரிவு 9இலும் 9ஏ-யிலும் இருந்து இப்போது புதிய தொகுப்பின் பிரிவு 65இல் இருப்பது: கருச்சிதைவுக்கும் மருத்துவக் கருக்கலைப்புக்கும் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, டியூபெக்டமிக்கு (பெண் கருத்தடை அறுவை) 2 வாரம். ஆனால் அந்த 6 வாரத்தை வாங்க முதலாளியிடம் சான்று கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி உறையில் போட்டு ஒட்டியதை அலுவலகத்தில் பிரித்துக் காட்டினால்தான் சம்பளம். அதனால் பெரும்பாலோர் சாதாரண மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த 6 வாரத்தை விட்டுவிடுகிறார்கள்.